டீன் ஆக என்ன குரூப் எடுக்கணும்?

பாபநாசத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

பாட்டியைத் தஞ்சை மருத்துவக் கல்லூரியில் சேர்த்திருந்தபோது கல்லூரித் தலைவரான டீன் வார்டுக்கு ரவுண்ட்ஸ் வந்ததையும், டாக்டர்களே ஒதுங்கி நின்றதையும் பார்த்த உங்கள் மகள் "நானும் டீன் ஆகணும்" என்கிறாள். பத்தாவது முடித்த பிள்ளைக்கு அப்படி ஓர் ஆசை வந்தது நல்லதுதான். சர்ச்சில் ஒரு ஃபாதரையும் டீன் என்கிறார்களே, இரண்டும் ஒன்றா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

டீன் என்று ஒரு படிப்பு கிடையாது. அது ஒரு பொறுப்பு; மருத்துவக் கல்லூரி டீனுக்கும் சர்ச் டீனுக்கும் பெயரின் வேர் ஒன்றுதான். ரோமானியப் படையில் பத்து வீரர்களுக்குத் தலைவனாக இருந்தவன் 'டெக்கானஸ்'. லத்தீனில் 'டெக்கெம்' என்றால் பத்து. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவு மடங்களுக்கு விதிகள் எழுதியபோது அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். பெரிய மடம் என்றால் துறவிகளைப் பிரித்து டீன்களின் கண்காணிப்பில் விட வேண்டும். அந்த டீனை யார் முதலில் வந்தவர் என்று பார்த்து நியமிக்கக் கூடாது. ஒழுக்கத்தையும் ஞானத்தையும் பார்த்தே நியமிக்க வேண்டும். தலைக்கனம் வந்தால் மூன்று முறை கண்டித்துப் பார்த்துவிட்டு நீக்கிவிட வேண்டும். அரசுக் கல்லூரிகளில் பணிமூப்புப் பட்டியலைப் பார்த்தே பழகிய எனக்கு இந்த விதிமேல் ஒரு பொறாமை உண்டு!

மடத்திலிருந்து பேராலயங்களுக்கும், அங்கிருந்து பாரிஸ் போன்ற பழைய பல்கலைக்கழகங்களுக்கும் அந்தப் பெயர் போனது. இன்றைக்கும் அருகருகே உள்ள பங்குகளை (ஒரு ஃபாதரின் பொறுப்பில் இருக்கும் சர்ச் வட்டாரங்களை)ச் சேர்த்த மறைவட்டத்துக்குப் பொறுப்பான குருவைக் கத்தோலிக்கத் திருச்சபை டீன் என்றும் அழைக்கிறது. வேளாங்கண்ணியில் இருப்பவர் டீன் அல்ல, ரெக்டர். பேப்பரில் 'பேராலய அதிபர்' என்று போடுவார்கள்.

நம் பக்கத்தில் அரசு கலைக் கல்லூரிக்குப் பிரின்சிபால், மருத்துவக் கல்லூரிக்கு டீன். திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரிக்கும் டீன்தான். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பல துறைகளைச் சேர்த்த ஒரு புலத்துக்குத் தலைவர்தான் டீன்; புல முதல்வர் என்பார்கள்.

மருத்துவ வழியில் எவ்வளவு காலம் ஆகும் தெரியுமா? எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு 5½ வருடம், மேற்படிப்பான எம்.டி. அல்லது எம்.எஸ். 3 வருடம், அதை முடித்தபின் மருத்துவமனையில் சீனியர் ரெசிடென்ட் பணி ஒரு வருடம். பிறகு உதவிப் பேராசிரியராக 4 வருடம், இணைப் பேராசிரியராக 3 வருடம். இடையில் எங்கும் தட்டாமல் போனால்கூடப் பேராசிரியர் ஆகவே பதினாறு வருடத்துக்கு மேல். டீன் நாற்காலி அதற்கும் பல வருடம் தள்ளி. அதனால் இப்போதைக்கு அவளிடம் டீனைப் பற்றிப் பேசாதீர்கள். பாடம் நடத்தப் பிடிக்குமா, பத்துப் பேரை வைத்து வேலை வாங்கப் பிடிக்குமா என்று கேளுங்கள். வைத்தியம் மட்டும்தான் பிடிக்கும் என்றால் அவள் நல்ல டாக்டராக இருக்கட்டும். டீனுக்குக் கோப்புகளில் கையெழுத்துப் போடவே பாதிப் பொழுது போய்விடும்.

இன்னொன்று. "டீன் கோட்டாவில் சீட் வாங்கித் தருகிறேன்" என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி ஒரு கோட்டாவே இல்லை. நீட் மதிப்பெண், கலந்தாய்வு, அவ்வளவுதான்.

பிளஸ் ஒன்னில் பயாலஜியோடு மேத்ஸும் உள்ள குரூப் எடுக்கட்டும். நீட் கைகூடாவிட்டால் வேளாண்மைக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும், பொறியியலும் திறந்திருக்கும். மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாளா? அப்படியென்றால் பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் வேண்டாம். மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பன்னிரண்டாவது வரை அங்கேயே படித்தால்தான் கிடைக்கும். டி.சி. வாங்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் செய்யுங்கள்.