படபடப்பு, வோபரின், வால்வு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

லிந்துலை: தங்கச்சிக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்கும், கால்மணி நேரத்தில் நின்றுவிடும். ஈசிஜி எடுத்தால் நோர்மல் என்கிறார்கள்.

நின்ற பிறகு எடுத்தால் நோர்மலாகத்தான் இருக்கும். அடிக்கும்போதே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்து, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்பது எஸ்விடியாக (இதயத்தின் மேல்பகுதியில் தொடங்கும் வேகத் துடிப்பு) இருக்கலாம். அது உறுதியானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு முறை உண்டு. சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் தண்டு லேசாக அசையும்படி 15 விநாடி ஊத வேண்டும். உடனே மல்லாக்கப் படுக்கவைத்து, இன்னொருவர் கால்களை 45 பாகைக்கு உயர்த்தி 15 விநாடி பிடிக்க வேண்டும். 2015இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 வீதமானோருக்குத் துடிப்பு சீரானது. கால் உயர்த்தாமல் ஊதியவர்களில் 17 வீதம்தான். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் தாமதிக்காமல் 1990க்கு அழையுங்கள்.

அட்டன்: பிளேன்டீயை விடணுமா?

வேண்டாம். குடித்ததும் படபடத்தால் சாயத்தைக் குறையுங்கள்.

மஸ்கெலியா: அம்மாவுக்கு வாதக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, துடிப்பும் ஒழுங்கில்லை. ரத்தம் உறையாமலிருக்க வோபரின் குடிக்கிறார். ரத்தம் சோதிக்கப் போனால் ஒருநாள் சம்பளம் போகிறது. பக்கத்து வீட்டு மாமா குடிக்கும் புது மாத்திரைக்குச் சோதனையே இல்லையாம். மாற்றலாமா?

மாற்றாதீர்கள். சுருங்கிய வால்வுக்கு மேலே உள்ள இதய அறையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இதே நோயாளிகளிடம் புது மாத்திரைகளில் ஒன்றான ரிவரோக்சபானை வோபரின் வகையோடு ஒப்பிட்ட இன்விக்டஸ் ஆய்வில் (2022) வோபரின் பக்கமே இறப்பு குறைவு. ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் சோதனை அளவான ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்காகப் போகும் நாள் வீண்நாள் இல்லை. மாமாவின் நோய் வேறாக இருக்கும்.

பதுளை: வால்வு நோயாளிகளுக்கும் புது மாத்திரை கொடுக்கிறார்களே! நீங்கள் பழைய கதை சொல்கிறீர்கள்.

எந்த வால்வு, என்ன கோளாறு என்று கேளுங்கள் ஐயா. மைட்ரல் கசிவு மட்டும் என்றால் கொடுக்கலாம். மிதமான அல்லது கடுமையான மைட்ரல் சுருக்கம், உலோக வால்வு இரண்டுக்கும் வோபரின்தான். உலோக வால்வில் இன்னொரு புது மாத்திரையான டபிகட்ரானைச் சோதித்த ஆய்வு, ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையைப் பார்க்காமல் இதில் வாதமே இல்லை.

அப்புத்தளை, பொகவந்தலாவை, நானுஓயா: வோபரினோடு கீரை?

மூவருக்கும் ஒரே பதில். சாப்பிடுங்கள், வல்லாரையோ முருங்கையோ, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் இருக்கட்டும். பெரிய ஆபத்து, முதுகுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக். ஐஎன்ஆர் சரியாக இருந்தாலும் வயிற்றில் ரத்தம் கசியும். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து ஐஎன்ஆரையே ஏற்றிவிடும். எந்த மருந்து எழுதும்போதும் வோபரின் குடிப்பதை முதலில் சொல்லுங்கள்.

வெலிமடை: உலோக வால்வு வைத்த மகள் குழந்தைக்கு விரும்புகிறாள்.

கருத்தரிக்கும் முன்பே இதய கிளினிக்கில் பேசட்டும். 6 முதல் 12 வாரம் வரை வோபரின் சிசுவைப் பாதிக்கலாம். தானாக நிறுத்தினால் வால்விலேயே ரத்தம் உறையும். நாள் தள்ளிப்போனால் அன்றே கிளினிக்குக்குப் போகட்டும்.