ஆடிட் வேலை எனக்கு ஒத்துவருமா?

அன்புள்ள மேடம்,

பி.காம். முடித்துவிட்டு சி.ஏ. இன்டரில் முதல் குரூப் தேறினேன். இரண்டாவது குரூப் கைகூடவில்லை. வீட்டில் சும்மா இருக்க முடியாதே என்று கோவையில் ஒரு நடுத்தர ஆடிட்டர் ஆபீஸில் ஆடிட் அசிஸ்டென்டாகச் சேர்ந்திருக்கிறேன். நாலு பார்ட்னர்கள், முப்பது, நாற்பது பேர் வேலை பார்க்கும் இடம். சம்பளம் 16,000. கூடப் படித்தவள் பெங்களூரில் இதைப்போல் இரண்டு மடங்கு வாங்குகிறாள். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

பிரச்சினை என் சீனியர்தான். எதையும் சொல்லித்தர மாட்டார். சேர்ந்த அன்றைக்கே ஒரு கட்டு வவுச்சரையும் (செலவுக்கான சீட்டுகள்) பச்சைப் பேனாவையும் கொடுத்து, "வவுச்சிங் பண்ணு, டிக் போடு" என்றார். எதைப் பார்த்து டிக் போடுவது என்று கேட்டால், "போன வருஷ ஃபைல் இருக்குதுல்ல, பாரு" என்கிறார். போன வருஷ ஃபைலிலும் டிக்தான் இருக்கிறது. என்னைவிடச் சின்னப் பையன்கள், ஆர்டிகிள்கள் (சி.ஏ.வுக்காகப் பயிற்சி எடுப்பவர்கள்), அவர்களை ஸ்டாக் எடுக்கவும் பேங்க் பிராஞ்ச் ஆடிட்டுக்கும் கூட்டிப்போகிறார்கள். எனக்குப் பெட்டி கேஷ், அதாவது சில்லறை ரொக்கச் செலவுக் கணக்கு. லோடிங் கூலி 9,500, 9,800, 9,700 என்று அடுத்தடுத்த தேதியில், ஒரே கையெழுத்தில், ஒரே மேஸ்திரி பேரில் வவுச்சர். இதில் என்னத்தைக் கற்றுக்கொள்வது? டிக் போட்டுக்கொண்டே போகிறேன்.

போன வாரம் பார்ட்னர் சார் எல்லார் முன்னாலும், "இத்தனை நாள் உட்கார்ந்து கொயரி லிஸ்ட்ல ரெண்டே வரியா? டீ நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். கணக்கில் புரியாததையெல்லாம் கேள்வியாக எழுதும் பட்டியல் அது. பாத்ரூமில் போய் அழுதேன். சீனியர் ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. சொல்லித்தராமல் கேள்வி எப்படி வரும் மேடம்?

இப்போது போகிற இடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. இடத்தைக் குறை சொல்ல மாட்டேன், மதியச் சாப்பாடுகூடக் கொடுக்கிறார்கள். அங்கே இருக்கும் அக்கவுண்டன்டுக்கு என் அப்பா வயசு, நான் உள்ளே போனாலே எழுந்து நின்று "வாங்க மேடம்" என்பார், கூச்சமாக இருக்கும். அப்பாவும் ஒரு மில்லில் கணக்குதான் எழுதுகிறார், ராத்திரி சாப்பிடும்போது "கேஷ் வவுச்சர்ல என்ன கண்ணு பார்ப்பீங்க?" என்று அடிக்கடி கேட்பார், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதை விடுங்கள், அது வேறு விஷயம்.

சீனியருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. போனையே பார்த்துக்கொண்டிருப்பார். செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் கெடு என்பதால் தினமும் ராத்திரி ஒன்பது மணி ஆகிறது. 16,000-க்கு இவ்வளவா என்று அம்மா கேட்கிறார். சம்பளம் எனக்கு முக்கியமில்லை, ஆனால் ஒரு மரியாதை வேண்டாமா? எனக்கு ஆடிட் மூளையே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு பேங்க் எக்ஸாம் எழுதட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் முழுக்க சீனியர் இருக்கிறார். அப்பா ஒரே ஒரு வரியில் வருகிறார், அவரையும் "அதை விடுங்கள்" என்று அனுப்பிவிட்டீர்கள். நான் விடப்போவதில்லை.

சீனியரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்தவருக்கு எதற்காக டிக் போடுகிறோம் என்று சொல்லித்தராதவர் நல்ல சீனியர் இல்லை. பார்ட்னர் டீயை இழுத்துப் பேசியதும் அநாகரிகம். ஆனால் அவர் கேட்ட விஷயம் சரி என்றே எனக்குப் படுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என்ன கேட்பது என்றே தெரியாது என்கிறீர்கள். நான் நம்பவில்லை. ஒன்றும் தெரியாதவர் கண்ணில் அந்த 9,500, 9,800, 9,700 பட்டிருக்காது. ஒரே கையெழுத்து, ஒரே மேஸ்திரி என்பதும் மனதில் நின்றிருக்காது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள் (லாரி வாடகைக்கு மட்டும் 35,000). இது எனக்கே தெரிகிறது. வரிப் பாடம் இருக்கும் முதல் குரூப்பைத் தேறிய உங்களுக்குத் தெரியாதா? மூன்று நாளும் தனித்தனியாகக் கொடுத்த கூலியாகவே இருக்கலாம், அதில் தவறில்லை. ஒரே நாளில் 29,000-ஐக் கொடுத்துவிட்டு மூன்றாகப் பிரித்தும் எழுதியிருக்கலாம். எது என்று அறிய அந்த அக்கவுண்டன்டைக் கேட்க வேண்டும். உங்களைப் பார்த்ததும் எழுந்து நிற்கும் மனிதரை. அங்கேதான் உங்கள் வாய் அடைத்துப்போகிறது. அவரைக் கேட்பது உங்களுக்கு அப்பாவை நிற்கவைத்துக் கேட்பதாக இருக்கிறது. மூளைக் குறை எங்கே வந்தது இதில்?

கேள்வி கேட்டால் அவரைத் திருடன் என்று சொல்வதாக ஆகும் என்ற எண்ணத்தை முதலில் இறக்கிவையுங்கள். நீங்கள் அந்த மனிதரை ஆடிட் செய்யப் போகவில்லை. கம்பெனிகளுக்கு எழுதும் ஆடிட் அறிக்கையில் கணக்குக்கு நிர்வாகமே பொறுப்பு என்று தனியாகத் தலைப்புப் போட்டே எழுதுகிறார்கள். அக்கவுண்டன்ட் பெரும்பாலும் முதலாளி சொன்னதை எழுதுகிறவர். "இப்படிப் பிரிச்சு எழுதக் கூடாதுங்க" என்று அவரால் முதலாளியிடம் நேராகச் சொல்ல முடியாது. "ஆடிட்டர் கேட்கிறாங்க" என்று சொல்ல முடியும். எத்தனையோ சின்னக் கம்பெனிகளில் கணக்கு எழுதுகிறவருக்கு இருக்கும் ஒரே துணை அந்த வாக்கியம்தான். நீங்கள் பேசாமல் டிக் போட்டபோது அதை அவரிடமிருந்து பறித்துவிட்டீர்கள். நாளைக்கு வேறு யாராவது வந்து தோண்டும்போது வவுச்சரில் இருக்கப்போவது அவர் கையெழுத்து. அவர் மேல் இரக்கப்பட்டுச் செய்தது அவருக்கே பாதகமாக முடியும்.

ஆடிட்டர் காவல் நாய், வேட்டை நாய் அல்ல என்று 1896-இல் இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த வழக்கு ஒரு பஞ்சாலை பற்றியது என்பது பரீட்சை எழுதியதும் மறந்துபோகும். பல வருஷம் நம்பிக்கையாக இருந்த மேலாளர் சரக்கு மதிப்பைக் கூட்டி எழுதிக்கொடுத்தார், ஆடிட்டர்கள் அந்தச் சான்றை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு அவர்கள் மேல் தப்பில்லை என்று தீர்ப்பு வந்தது. இன்றைய ஆடிட் தரநிலைகள் அதை ஒப்புக்கொள்வதில்லை. சரக்குப் பெரிய தொகை என்றால் எண்ணும் இடத்துக்கே போகச் சொல்கின்றன. நல்ல மனிதர் என்பதற்காகக் கேட்காமல் விடுவதை உங்கள் தொழில் எப்போதோ கைவிட்டுவிட்டது.

இனி அப்பா. அவர் ஏன் கேட்கிறார்? அவரும் அப்படி வவுச்சர் எழுதுகிறாரோ என்று உங்களுக்குள் ஒரு நடுக்கம் இருக்கிறது, அதனால்தான் பேச்சை மாற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இருக்கலாம். அல்லது ஆடிட்டர் வந்தால் எழுந்து நின்றே பழகிய மனிதர், தன் மகள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதைக் கேட்டுக் கேட்டு ரசிக்கிறாரோ என்னவோ. எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவரையும் நீங்கள் கேட்கவில்லையே. பேச்சை மாற்றி அவர் மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைக்கிறீர்கள். அவர் பக்கத்திலிருந்து பாருங்கள்: படித்த மகள் தன் கேள்விக்குப் பதில் சொல்லக்கூட விரும்பவில்லை. நிஜமாகவே ஏதாவது பாரம் சுமக்கிறார் என்றால், நம்பிக் கேட்கக் கிடைத்த ஒரே ஆளும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அடுத்த முறை கேட்டால் பதில் சொல்லுங்கள். கிளையன்ட் விஷயம் ஒரு சொல்கூட வேண்டாம், சட்டம் பொதுவானது, அதைச் சொல்லலாம். சொல்லிவிட்டு, "ஏனுங்கப்பா, உங்க மில்லுல ஏதாச்சும் சங்கடமுங்களா?" என்று கேட்டு, அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். ஏதாவது இருந்தால் நீங்களே உட்கார்ந்து சரிசெய்யக் கிளம்பாதீர்கள். அவரை வேறொரு ஆடிட்டரிடம் அனுப்புங்கள். அந்த மில் என்றைக்காவது உங்கள் ஆபீஸுக்கே வந்தால், பார்ட்னரிடம் முதலிலேயே சொல்லி விலகிக்கொள்ளுங்கள்.

திருப்பூர் வவுச்சர்கள் இன்னும் கையெழுத்தாகாத ஆடிட்டில்தானே இருக்கின்றன? நாளைக்குப் போனதும், "ஐயா, நீங்க உட்காருங்க, இந்த மூணும் எனக்குப் புரியலைங்க" என்று ஆரம்பியுங்கள். அவர் என்ன சொன்னாலும் கொயரி லிஸ்ட்டில் மூன்றாவது வரியாக ஏறட்டும்.

வேலையை விடுவதைக் கெடு முடிந்த பிறகு யோசிக்கலாம். பேங்க் எக்ஸாமும் தாராளமாக எழுதுங்கள். ஆனால் அங்கேயும் கவுன்டருக்கு அப்பா வயதுக்காரர்கள்தான் வருவார்கள். "கையெழுத்து பொருந்தலைங்க, பணம் தர முடியாது" என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.