மைக்ரோஸ்கோப்பில் ஆசை வைத்த பெண்ணை எம்.பி.பி.எஸ்.ஸுக்குத் தள்ளாதீர்கள்

சேலத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு.

மகள் நீட்டில் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியிருக்கிறாள், அவ்வளவுதான். "வீட்டில் நாலு பேருக்குச் சர்க்கரை, நமக்கு ஒரு டாக்டர் வேண்டாமா?" என்கிறார் உங்கள் அண்ணன். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு வருடம் 22 லட்சம் கட்ட நிலத்தை விற்கலாமா என்று கேட்கிறீர்கள். அவளுக்கு மைக்ரோஸ்கோப் மேல்தான் ஆசை என்பதைக் கடைசி வரியில், ஏதோ குற்றம்போல எழுதியிருக்கிறீர்கள்.

விற்காதீர்கள். படிப்பு முடிவதற்குள் ஒரு கோடி கரையும், எம்.டி. என்றால் இன்னொரு சுற்று. டாக்டர் வேண்டும் என்பது மாமாவின் ஆசை, மகளுடையது இல்லை. நர்சிங், ஃபார்மசி பற்றியெல்லாம் சொந்தக்காரர்களே சொல்லியிருப்பார்கள், நான் அதற்குள் போகவில்லை.

சர்க்கரை நோயில் மைக்ரோஸ்கோப்புக்கு என்ன வேலை என்று மாமா கேட்பார். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் கணையத்துக்குள் சின்னச் சின்னத் திட்டுகளாக இருக்கின்றன. 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் தன் ஆய்வேட்டில் முதன்முதலில் விவரித்தவை இவை. கணைய எடையில் ஒன்றிரண்டு சதவீதம்தான். எலியின் கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரிக்க, திசுவைப் பிணைக்கும் நாரைக் கரைக்கிற கொலாஜனேஸ் நொதி தேவை. அதில் ஊறும் நேரம் சற்று நீண்டாலும் திட்டே சிதைந்துவிடும். டித்திசோன் சாயம் இட்டால் செல்லிலுள்ள துத்தநாகத்தோடு சேர்ந்து திட்டுகள் மட்டும் சிவக்கும். அதை வைத்துப் பொறுக்குவார்கள்.

அடுத்தது உயிருள்ள செல்லைப் பார்ப்பது. கால்சியத்தைக் காட்டிக்கொடுக்கும் ஃபியூரா-2 சாயத்தைச் செல்லுக்குள் ஏற்றி, 340, 380 நானோமீட்டர் ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, 510-இல் வரும் ஒளிர்வின் விகிதத்தை அளப்பார்கள். செல்லைச் சுற்றிய கரைசலில் குளுக்கோஸை 3 மில்லிமோலாரிலிருந்து (செறிவின் அலகு) 11-க்கு உயர்த்தினால் சில நிமிடங்களில் செல்லுக்குள் கால்சியம் ஏறும், திரையில் வரைபடக் கோடு மேலே போகும். ஏறவில்லையா? உடனே செல் மீது பழி போடக் கூடாது. கரைசல் 37 டிகிரியில் இல்லாமல் ஆறியிருக்கலாம். சாயம் திட்டின் வெளி அடுக்கோடு நின்றிருக்கலாம். குழாயில் ஒரு காற்றுக் குமிழி வந்து ஃபோகஸைத் தள்ளியிருக்கலாம். இதைப் பிரித்தறிகிற ஆள்தான் ஆய்வகத்துக்கு வேண்டும்.

செல்லுக்குள் இன்சுலினைச் சேமிக்கும் துகள் சுமார் 300 நானோமீட்டர். சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப் பிரித்துக் காட்டும் எல்லையே ஏறக்குறைய 200. உள்ளமைப்பு தெரிய எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்தான். குளுட்டரால்டிஹைடு, ஆஸ்மியம் டெட்ராக்சைடு என்ற வேதிப்பொருள்களால் பதப்படுத்தி, 70 நானோமீட்டர் மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். கணையத்தை எடுத்ததும் பதப்படுத்தாவிட்டால் அதன் செரிமான நொதிகளே திசுவை அரித்துவிடும். பிறகு எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் உதவாது.

வழி இதுதான். அரசு கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியலோ உயிர்வேதியியலோ பி.எஸ்ஸி. சேருங்கள், கட்டணம் மாமா கேட்டால் சிரிக்கிற அளவுக்குத்தான் இருக்கும். ஒளியியலை அவள் தனியாக உட்கார்ந்து படிக்கட்டும், பைத்தான் என்ற கணினி நிரல்மொழி கொஞ்சம் கற்கட்டும். மைக்ரோஸ்கோப் படங்களை அளக்கும் இமேஜ்ஜே இலவச மென்பொருள். வீட்டுக் கணினியிலேயே செல் எண்ணிப் பழகலாம். மூன்றாம் ஆண்டில் ஜாம் அல்லது காட்-பி என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்ஸி., பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு பி.எச்டி. அது வேண்டாமென்றால் ஆய்வு நிறுவனங்களின் இமேஜிங் (மைக்ரோஸ்கோப் படமெடுக்கும்) பிரிவுகளில் கருவியை நடத்தும் பொறுப்பு இருக்கிறது. பெங்களூரு சி-கேம்ப் (உயிரியல் ஆய்வுக் கருவி மையம்) போன்ற இடங்கள் பயிற்சியும் தருகின்றன.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்தம்தான், நிலையான பதவிக்கு முப்பது வயதுகூட ஆகலாம். கல்யாணப் பேச்சை இருபத்தொன்றில் எடுப்பதாக இருந்தால் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும், மாமா அல்ல.