பளபளக்கும் பழைய சீக்கோ: வாங்கலாமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஆன்லைனில் ஒரு பழைய சீக்கோ 5 வாட்ச் பார்த்தேன். ஆரஞ்சு டயல். 'எழுபதுகளின் ஒரிஜினல், சர்வீஸ் செய்தது, புதுசு போல கண்டிஷன்' என்று போட்டு 2,800 ரூபாய் விலை சொல்கிறார்கள். வாங்கலாமா? வீட்டில் அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த சீக்கோ ஒன்றும் இருக்கிறது. அதில் கண்ணாடி விரிசல், டயலில் புள்ளி புள்ளியாகக் கறை. கடைக்காரர் டயலையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்கிறார். மாற்றலாமா?"

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். முதல் கேள்விக்கு, வேண்டாம். இரண்டாவதுக்கு, கண்ணாடியை மாற்றுங்கள், டயலில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

அந்த ஆரஞ்சு வாட்ச்சுக்கு உலகம் முழுக்க வாட்ச் சேகரிப்பவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், மும்பை ஸ்பெஷல். ஓடாமல் கிடந்த நாலைந்து பழைய வாட்ச்சுகளைப் பிரித்து, ஒன்றின் கேஸ், இன்னொன்றின் மெஷின், மூன்றாவதன் முட்கள் என்று சேர்த்து, துருப்பிடித்த டயலைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்து, மேலே எழுத்தை அச்சடித்து, கேஸைப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கி விற்பது. பெயர்தான் மும்பை, செய்வது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எல்லாம் சீக்கோ பார்ட்தானே, இதில் என்ன போலி என்று கேட்பீர்கள். ஓடும், நேரம் காட்டும், அது சரி. ஆனால் 'ஒரிஜினல்' என்று சொல்லி விற்கும் இடத்தில்தான் வம்பு. கலப்பு வாட்ச் என்று சொல்லி ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்தால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, நானே வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

கண்டுபிடிக்க நான் பின்பற்றுவது ஒரே வழி. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக "உனக்கு என்ன வயசு?" என்று கேட்பது. ஐம்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த பாகங்கள் ஒன்றாகத்தான் வயசாகியிருக்கும். கேஸில் கீறல், செயினில் தேய்மானம், ஆனால் டயல் மட்டும் நேற்று பிறந்த மாதிரி என்றால், நரைத்த தலையில் மீசைக்கு மட்டும் டை அடித்த கதைதான்.

முதலில் வாட்ச்சைத் திருப்பிப் பின்மூடியைப் பாருங்கள். சீக்கோவில் இது ஜாதகம் மாதிரி. நடுவில் கோடு போட்ட ஒரு எட்டு இலக்க எண் இருக்கும், முதல் நான்கு இலக்கம் மெஷினைச் சொல்லும், அடுத்த நான்கு கேஸை. தனியாக இன்னொரு வரிசை எண் இருக்கும். அதில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி (D) என்ற ஆங்கில எழுத்து. 8, என் என்று தொடங்கினால் எட்டில் முடியும் ஒரு வருடத்தின் நவம்பர் மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷின் எண்ணை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். 6119 என்றால் அறுபதுகளின் கடைசியும் எழுபதுகளும், 7009 என்றால் எழுபதுகளின் பிற்பகுதியும் எண்பதுகளும். 7எஸ்26 என்று இருந்தால் விற்பவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம், அந்த மெஷின் வந்ததே 1996-ல்தான், எழுபதுகளின் வாட்ச்சில் அது இருக்க வழியில்லை. பின்மூடி கண்ணாடியாக இருந்து உள்ளே ரோட்டர், அதாவது கை அசைய அசையச் சுற்றும் அரைவட்டத் தட்டு, சுற்றுவது தெரிந்தாலும் பொதுவாக அது பிந்தைய காலத்து வாட்ச்தான். உங்கள் விளம்பரத்தில் பின்பக்கப் படமே இல்லை. எட்டுப் படம் போடத் தெரிந்தவருக்கு ஒன்பதாவது படம் எடுக்கத் தெரியாதா?

அடுத்தது டயல். பழைய வாட்ச்சின் மதிப்பு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது, ஏமாற்றும் இங்கேதான் நடக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். ஆறு மணிக்குக் கீழே, டயலின் விளிம்பை ஒட்டி, பொடிப்பொடியாக ஒரு வரி இருக்கும். ஜப்பான் என்ற சொல், மெஷின் எண், டயலின் எண். பாதி கேஸின் விளிம்புக்குள் மறைந்தும் இருக்கலாம். பெயின்ட் அடித்த டயலில் இந்த வரி காணாமல் போயிருக்கும், இல்லாவிட்டால் எழுத்து தடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், அதுவும் இல்லாவிட்டால் பின்மூடியில் ஒரு மெஷின் எண், டயலில் வேறொரு மெஷின் எண். ஒரு எச்சரிக்கை: டயல் எண்ணின் கடைசி நான்கும் கேஸ் எண்ணின் கடைசி நான்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, நல்ல வாட்ச்சிலேயே வேறுபடும். முதல் நான்கு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம் நிமிடக் கோடுகள். தொழிற்சாலையில் அச்சடித்த டயலில் பன்னிரண்டு மணிக் குறியின் நட்டநடுவில் நிமிடக் கோடு வந்து நிற்கும். திரும்ப அச்சடித்ததில் ஒரு பக்கம் ஒரு முடி அளவு விலகியிருக்கும், பன்னிரண்டில் சரியாக இருந்தால் ஐந்தில் விலகும். எழுத்துகளில் வளைவுகள் கூர்மையில்லாமல் மெழுகில் எழுதியது போல இருக்கும். பல மாடல்களில் சீக்கோ என்ற பெயரும் 5 என்று எழுதிய கேடயச் சின்னமும் தனியாக வெட்டிப் பதித்த உலோகம். அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அச்சு இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் அந்த மாடலே அச்சடித்த பெயரோடு வந்ததா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வாரச்சந்தையில், வெயிலில் மின்னிய ஒரு நீல டயல் சீக்கோவை 1,500 ரூபாய்க்கு வாங்கி, ஏதோ புதையல் கிடைத்த மாதிரி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டில் லூப் வைத்துப் பார்த்தால் தேதி ஜன்னலின் ஓரத்தில் நீலப் பெயின்ட் தடித்து, உள்பக்கமாக வழிந்து, உருண்டு காய்ந்திருந்தது. ஒரிஜினல் டயலில் அந்த ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். டயலைக் கழற்றினேன். பின்பக்கம் மெஷினில் செருகி நிற்க வேண்டிய இரண்டு கால்களும் ஒடிந்திருந்தன, இரட்டைப் பக்கப் பசை டேப்பில் ஒட்டி வைத்திருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் ஊசி முனையால் லேசாகத் தொட்டேன், நீலம் செதிலாக உதிர்ந்தது, அடியில் பழைய வெள்ளி நிறம். அது பிறந்தபோது நீல வாட்ச்சே இல்லை.

தேதி ஜன்னலைப் பார்க்கும்போது கிழமையையும் கவனியுங்கள். கிழமைத் தட்டும் தேதித் தட்டும் ஒரே வெள்ளையாக இருக்கிறதா, எழுத்தின் தடிமன் ஒன்றுபோல இருக்கிறதா? ஒன்று பால் வெள்ளை, இன்னொன்று பழுப்பு என்றால் இரண்டு வாட்ச் ஒன்றாகியிருக்கிறது. உங்கள் ஆரஞ்சு வாட்ச்சில் இது படத்திலேயே தெரிகிறது.

முட்களுக்கு ஒரு சுலபமான கணக்கு. பெரிய முள் நிமிடக் கோடுகளைத் தொட வேண்டும், சின்ன முள் மணிக் குறிகளின் உள்முனை வரை போக வேண்டும். பாதியிலேயே நின்றால் வேறு வாட்ச்சின் முள். நம் ஊரில் இருட்டில் ஒளிரும் எல்லாவற்றுக்கும் ரேடியம் என்றுதான் பெயர், நானும் அப்படியே சொல்கிறேன்: டயலில் ரேடியம் இருந்தால் முள்ளிலும் இருக்கும், முள்ளில் இருந்தால் டயலிலும் இருக்கும். ஒன்றில் மட்டும் இருப்பது பொதுவாகக் கலப்பு. நிறமும் ஒத்துப்போக வேண்டும். டயலில் தேன் நிறத்துக்கு மாறியிருக்க, முள்ளில் பச்சை வெள்ளையாக இருந்தால் அங்கே யாரோ கைவைத்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் டார்ச் அடித்து, போர்வைக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். அரை நூற்றாண்டு வயதான பூச்சு பெரும்பாலும் செத்துப் போயிருக்கும், கொஞ்சம் மினுக்கிவிட்டு அணையும். நள்ளிரவு வரை பச்சையாக ஜொலித்தால் அது 1990-களிலோ அதற்குப் பிறகோ வந்த பொருள்.

ஸ்விஸ் வாட்ச் வைத்திருப்பவர்களுக்கும் இதிலேயே ஒரு வார்த்தை. ஆறு மணிக்குக் கீழே ஸ்விஸ் என்ற சொல்லின் இருபுறமும் டி (T) என்ற எழுத்து இருந்தால் பூச்சில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது என்று அர்த்தம். அது ஏறத்தாழ 12 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் சரக்கு, அதனால் அறுபதுகளின் டிரிட்டியம் இன்றைக்கு ஒளிராது. அதற்கும் முந்தைய வாட்ச்சுகளில் இருப்பது நிஜ ரேடியம். ஒளி போய்விட்டதே என்று அலட்சியம் வேண்டாம், கதிர்வீச்சு போகவில்லை, பாதியாகவே 1,600 ஆண்டுகள் ஆகும். கையில் கட்டலாம். திறந்து சுரண்டாதீர்கள், அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

கீயைப் பற்றி, அதாவது பக்கவாட்டில் நேரம் திருப்பும் குமிழைப் பற்றி, நிறையப் பேர் தவறாகச் சொல்கிறார்கள். "கீயில் கம்பெனி எழுத்து இல்லை, அதனால் டூப்ளிகேட்" என்பது ஒமேகாவுக்குப் பொருந்தலாம். பழைய சீக்கோ 5-ல் கீ நாலு மணிப் பக்கம் கேஸுக்குள் பாதி புதைந்து, பெரும்பாலும் மொட்டையாகத்தான் இருக்கும். அதில் புதுசாக எழுத்து இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

கேஸில் பார்க்க வேண்டியது விளிம்பு. ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளில் தொழிற்சாலை போட்ட கூர்மையான மடிப்புக்கோடு இருக்கும், ஒரு பக்கம் கண்ணாடி போல, இன்னொரு பக்கம் பிரஷ் இழுத்தது போல. பாலிஷ் மெஷினில் கொடுத்த கேஸ் சப்பிப்போட்ட மிட்டாய் மாதிரி வழுவழுவென்று இருக்கும். பின்மூடி எழுத்து மங்கியிருந்தால் அது நியாயமான தேய்மானமாக இருக்கலாம். ஆனால் எழுத்து மங்கி, கேஸ் மட்டும் மின்னினால் அது பாலிஷ்தான்.

முடிந்தால் மெஷினைப் பாருங்கள். நீங்களே திறக்க வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பிக் கெடுத்த பின்மூடிகளை நிறையப் பார்த்துவிட்டேன். கடையில் கொடுத்தால் ஒரு நிமிட வேலை. ரோட்டரிலோ, இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் வீல் என்ற சக்கரத்தின் பக்கத்திலோ மெஷின் எண் பொறித்திருக்கும், அது பின்மூடியோடு ஒத்துப்போக வேண்டும். ரோட்டர் ஒரு நிறம், அடித்தட்டு ஒரு நிறம், ஸ்க்ரூக்களின் தலையெல்லாம் சிதைந்து கிடந்தால், பல கை பட்ட மெஷின்.

ஹெச்.எம்.டி.யிலும் இதே கதை நடக்கிறது. சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் வாட்ச் தயாரிப்பு தொடங்கியது, 2016-ல் அந்த வாட்ச் நிறுவனத்தை மூட அரசு முடிவெடுத்தது. அதன்பின் பைலட், ஜனதா பெயர்களில் வானவில் நிறத்திலெல்லாம் டயல்கள் வருகின்றன. பழைய பைலட் என்று சொல்லி ரோஸ் கலர் டயலைக் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மாற்றினால் பாவம் என்று எல்லாவற்றையும் சொல்லவில்லை. கண்ணாடி, ரப்பர் வளையம், மெயின் ஸ்பிரிங், ஸ்ட்ராப் எல்லாம் தேய்ந்துபோகத்தான் இருக்கின்றன. கண்ணாடி டூப்ளிகேட் என்பதற்காக நான் ஒரு நல்ல வாட்ச்சை விட்டதில்லை, விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டிருக்கிறேன். கீயும் முள்ளும் மாறியிருந்தால் இன்னும் கொஞ்சம் குறைப்பேன். டயல் மாறியிருந்தால் அதைப் பழைய வாட்ச்சாகவே கணக்கில் எடுப்பதில்லை, ஓடுகிற மெஷினுக்கு என்ன விலையோ அதுதான்.

இப்போது உங்கள் அப்பாவின் வாட்ச். நீங்கள் கறை என்று சொல்லும் புள்ளிகள் படத்தில் லேசானவைதான், எழுத்துகள் முழுசாக இருக்கின்றன, ஆறு மணிக்குக் கீழே அந்தப் பொடி வரியும் தெளிவாக இருக்கிறது. இந்த டயலை மாற்றினால் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த ஆரஞ்சு வாட்ச்சின் தம்பி. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவரிடம் வருகிறவர்களில் பலர் புதுசு மாதிரி வேண்டும் என்றுதான் கேட்பார்கள். நீங்கள் வேறு மாதிரி கேளுங்கள்: "அண்ணா, கண்ணாடியும் ரப்பரும் மாற்றி, மெஷினைக் கழுவி ஆயில் போட்டால் போதும். டயலைத் துடைக்கக்கூட வேண்டாம், கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம்." துடைக்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள், ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் எழுத்து துணியோடு வந்துவிடும். கொடுப்பதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம், திறந்தபின் மெஷின் என்று மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு சின்னக் கவரில் போட்டுத் தரச் சொல்லி வாங்கி வையுங்கள், விரிசல் விட்ட கண்ணாடி உட்பட.

சர்வீஸ் முடிந்து வந்ததும் லூப்பை எடுத்து ஒரு மணி நேரம் அதையே பாருங்கள். தேதி ஜன்னலின் ஓரம், நிமிடக் கோடு, முள்ளின் நீளம் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் உங்களுக்குக் கிடைக்காது. அதற்குப் பிறகும் ஆரஞ்சு டயல் மேல் ஆசை போகவில்லை என்றால், விற்பவரிடம் பின்மூடிப் படமும் மெஷின் படமும் கேளுங்கள். அனுப்பினால் எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.