சென்னையை விடுவதா, அந்தத் தரைத்தள வீட்டை விடுவதா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கிறோம். இரண்டு படுக்கையறை கொண்ட தரைத்தள வீட்டுக்கு மாத வாடகை 24,000 ரூபாய். அட்வான்ஸ் 2 லட்சம். இந்த ஆண்டு மேலும் 3,000 ரூபாய் உயர்த்தித் தர வேண்டும், இல்லையென்றால் காலி செய்யுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முழங்கால் அளவுத் தண்ணீர் மூன்று நாள் வீட்டுக்குள் நின்றது. கிரைண்டரும், பீரோவின் கீழ்த்தட்டிலிருந்த என் கல்யாணப் புடவையும் போயின. அன்றிலிருந்து மழை அறிவிப்பு வந்தாலே பத்திரங்களையும் மகளின் சான்றிதழ்களையும் பரணில் ஏற்றிவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கிறேன். சென்ற மாதம் எங்கள் தெருவிலேயே ஒரு பெண்மணியின் கழுத்துச் சங்கிலியைப் பறித்துச் சென்றார்கள். மகள் டியூஷன் முடிந்து எட்டரை மணிக்கு சைக்கிளில் வருகிறாள். கணவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறார். ஊரிலிருந்தே வேலை செய்யலாம் என்று அவருடைய மேலாளர் சொல்லியிருக்கிறாராம். நான் தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 22,000. மகள் சி.பி.எஸ்.இ. 9-ம் வகுப்பு. திருச்சி உறையூரில் மாமனாரும் மாமியாரும் சிறிய வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே 12,000 ரூபாய்க்கு நல்ல வீடு கிடைக்கிறது. சென்னையை விட்டுப் போய்விடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை-91

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் உறக்கம் இழந்து நிற்பதற்கு முதற்காரணம் அந்தத் தரைத்தள வீடு. அதை இந்த மழைக்காலத்துக்கு முன்பே விட்டுவிடுங்கள். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. திருச்சிக்குப் போவது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், ஒரு வீட்டின் மீதுள்ள வெறுப்பில் ஒரு குடும்பத்தின் பிழைப்பையே இடம் மாற்றிவிடுவீர்கள் என்று அஞ்சுகிறேன்.

நீங்கள் வசிக்கும் பகுதியின் இயல்பைச் சொல்கிறேன். தென்சென்னையின் ஏரிகள் பலவும் நிரம்பி வழியும் நீர், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022-ல் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலம், ஒரு காலத்தில் பரந்து கிடந்த நீர்ப்பரப்பில் எஞ்சியிருக்கும் சிறு பகுதிதான். மற்ற இடமெல்லாம் சாலையாகவும் அலுவலகமாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டது. ஆகவே 2015-ல் வந்த தண்ணீர் 2023-லும் வந்தது. பெருமழை பெய்தால் இனியும் வரும். ஆனால் அதே மடிப்பாக்கத்தில் ஒரு தெரு மூழ்கும்போது அடுத்த தெருவில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் நிற்பதில்லை என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

புதிய வீடு பார்க்கப் போகும்போது தரகர் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். சுற்றுச்சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையடித்ததையும் மீறித் தெரியும் பழுப்புக் கோட்டைத் தேடுங்கள். மின்மீட்டர் பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரத்துக்கு மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். காரணமில்லாமல் யாரும் அந்தச் செலவைச் செய்வதில்லை. வாசற்படியில் நின்று, சாலை உயரமாக இருக்கிறதா, வீட்டின் தரை உயரமாக இருக்கிறதா என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் அரசு உத்தரவிட்டது. அதற்கு முன்பு பல ஆண்டுகளாகத் தாரின் மேல் தார் போட்டதில் எத்தனையோ வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. கடைசியாக, தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் 2015-லும் 2023-லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அவருக்கு வீட்டை வாடகைக்கு விட வேண்டிய அவசியம் இல்லை. முதல் மாடி வீட்டுக்கு 2,000 ரூபாய் கூடக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

இனி திருச்சி. வாடகையில் மாதம் 12,000 ரூபாய் மிச்சமாகும் என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் உங்கள் சம்பளம் 22,000 ரூபாய் நின்றுபோகும். அங்கே வேறு பள்ளியில் வேலை கிடைக்கலாம். கிடைக்கும் வரையில் மாதம் 10,000 ரூபாய் குடும்பத்துக்குக் குறைவு. இதற்குமேல் கணவர் அலுவலகத்துக்கு அவ்வப்போது வந்துபோகும் ரயில் செலவு, தங்கும் செலவு இருக்கின்றன. பழைய வருமான வரி முறையில் அவர் வீட்டு வாடகைப்படிக்கு விலக்குக் கோருபவராக இருந்தால், அடிப்படைச் சம்பளத்தில் சென்னைக்கு உள்ள 50 சதவீத வரம்பு திருச்சிக்கு 40 சதவீதமாகிவிடும். இந்தக் கணக்கில் எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. இவ்வளவு நீண்ட கடிதத்தில் உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே ஒரு வரி. குடும்பம் ஊர் மாறும்போது முதலில் கைவிடப்படுவது பெண்ணின் வேலைதான் என்பதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். அவள் சம்பளம் குறைவு என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படும். பிறகு சில ஆண்டுகள் கழித்து வேலைக்குத் திரும்ப நினைத்தால், இடைவெளியைக் காட்டி இன்னும் குறைந்த சம்பளம் பேசுவார்கள். அதை நீங்களே முன்வந்து விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சங்கிலிப் பறிப்பு நடந்த தெருவில் மகளை எட்டரை மணிக்குத் தனியே வரவிட மனம் கேட்காது. அந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. தெருவிளக்கு எரியாவிட்டால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யுங்கள். அதே வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் சேர்ந்து வருமாறு ஏற்பாடு செய்யுங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான 181 ஆகிய எண்களை அவள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். ஆனால் பறிப்பவர்கள் திருச்சியில் இல்லை என்று எவராலும் சொல்ல முடியாது. வெள்ளமும் அப்படித்தான்: 2005-ல் கோரையாறு பெருகித் திருச்சியின் குடியிருப்புகளுக்குள் புகுந்தது; மிக்ஜாம் வந்த அதே 2023 டிசம்பரில்தான் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, தூத்துக்குடி மாவட்டமே தத்தளித்தது. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இங்கே மகள் தானே சைக்கிளில் போய் வருகிறாள். அங்கே தாத்தா கொண்டுவிட்டுத் தாத்தா கூட்டிவருவார். அதில் அன்பும் நிம்மதியும் உண்டு; தனியாகப் போய்வரும் பழக்கம் அவளுக்கு விட்டுப்போவதும் உண்டு. இதை அவளிடமே கேளுங்கள். பதினான்கு வயதுப் பெண்ணுக்குச் சொல்லத் தெரியும்.

இவ்வளவு சொன்னதால் திருச்சி வேண்டாம் என்று நான் தடுப்பதாக எண்ணாதீர்கள். மாமனார், மாமியாருக்கு வயதாகிறது. நள்ளிரவில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், ஏறக்குறைய ஐந்து மணி நேர ரயில் பயணத் தொலைவிலிருந்து நீங்கள் ஓட வேண்டியிருக்கும். வாடகையைவிட இது பெரிய காரணம். ஆனால் அதற்கு உரிய நேரம் இது அன்று. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பொதுத்தேர்வுக்கான பதிவு 9-ம் வகுப்பிலேயே நடந்துவிடுகிறது. நேரே 10-ம் வகுப்பில் வேறு பள்ளிக்கு மாற வாரியத்தின் அனுமதி தேவைப்படும். அவள் பத்தாம் வகுப்பை இங்கேயே முடிக்கட்டும். 11-ம் வகுப்புக்கு எப்படியும் புதிதாகச் சேர வேண்டும். அதற்குள் கணவர் தம் நிறுவனத்திடமிருந்து, எந்த ஊரில் இருந்து வேலை செய்யலாம், மாதத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும், ஊதியம் மாறுமா என்பவற்றை எழுத்தில் வாங்கட்டும். மேலாளர் வாயால் சொன்னது, அந்த மேலாளர் மாறும் நாள் வரைக்கும்தான். பெருந்தொற்றுக் காலத்தில் ஊருக்குப் போனவர்கள் பலரை நிறுவனங்கள் திரும்ப அழைத்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

அட்வான்ஸைப் பற்றி ஒரு செய்தி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. காலி செய்வதாக எழுத்தில் தெரிவித்து, 2 லட்சத்தையும் சாவி கொடுக்கும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். புதுவீட்டுக்குப் பேசும்போது மூன்று மாதம் என்றே பேச்சைத் தொடங்குங்கள்.

வரும் மே மாத விடுமுறையில் நீங்களும் மகளும் உறையூரில் ஒரு மாதம் இருந்துவிட்டு வாருங்கள். அப்போது அங்குள்ள நான்கைந்து பள்ளிகளில் உங்கள் பெயரில் விண்ணப்பம் கொடுத்து, என்ன சம்பளம் சொல்கிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அந்தத் தொகையை வைத்து மறுபடியும் கணக்குப் போடுவோம்.