நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில்

நகர வளர்ச்சி, பொதுப் போக்குவரத்து, புதிய வகை வாகனங்கள் ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: செயலியில் அழைத்தால் வாசலுக்கே கார் வருகிறது. ஓட்டுநர் இல்லாத கார்களும் சில நகரங்களில் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. கட்டி முடிக்கவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடிக்கும் மெட்ரோ ரயிலுக்காகப் பெருந்தொகையைச் செலவிட்டு, அதைச் சுற்றி நகரத்தையும் திட்டமிடுவது காலத்துக்கு ஒவ்வாத சிந்தனை அல்லவா?

பதில்: நகர மன்றங்களிலும் இதே கேள்வி எழுப்பப்படுவதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். காரை யார் ஓட்டுகிறார், அது எதனால் இயங்குகிறது, அதை எப்படி அழைக்கிறோம் என்பவை மாறிவிட்டன. ஆனால் அது சாலையில் அடைத்துக்கொள்ளும் இடம் அப்படியேதான் இருக்கிறது. சிக்னல்கள் உள்ள நகரச் சாலையின் ஒரு தடத்தில் மணிக்கு எழுநூறு கார்கள் செல்வதாகவும், ஒரு காரில் சராசரியாக ஒன்றரைப் பேர் இருப்பதாகவும் கொண்டால், அந்தத் தடம் ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொண்டுசேர்க்கும். அதே தடத்தைப் பேருந்துகளுக்கு மட்டும் ஒதுக்கி, அறுபது பேர் ஏறிய ஒரு பேருந்தை நிமிடத்துக்கு ஒன்றாக இயக்கினால் 3,600 பேர் செல்லலாம். நெரிசல் மிகுந்த வழித்தடத்தில் ஓடும் மெட்ரோ ரயில் ஒரு திசையில் மட்டும் மணிக்கு 30,000 பேருக்கும் மேல் ஏற்றிச் செல்லும். எந்த மென்பொருளாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

வாடகை கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பயணியை இறக்கிவிட்டு அடுத்த பயணியைத் தேடிச் செல்லும் தொலைவு முழுவதும் அவை வெறுமையாகவே ஓடுகின்றன. சான் பிரான்சிஸ்கோவில் 2010-க்கும் 2016-க்கும் இடையில் வேலைநாட்களில் நெரிசலால் வீணான நேரம் 62 சதவீதம் உயர்ந்தது என்றும், செயலி வழி கார்கள் வராமல் இருந்திருந்தால் அந்த உயர்வு 22 சதவீதமாகவே இருந்திருக்கும் என்றும் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஓட்டுநரில்லாக் கார்களைப் பற்றியும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். சர்வதேசப் போக்குவரத்து மன்றம் 2015-இல் லிஸ்பன் நகரத்தின் பயணத் தரவுகளைக் கொண்டு, எல்லாக் கார்களும் தானே ஓடும் பொதுக் கார்களாக மாறினால் என்ன நடக்கும் என்று ஆராய்ந்தது. மெட்ரோ ரயில் தொடர்ந்து இயங்கி, காரில் பலர் சேர்ந்து பயணம் செய்தால், பத்தில் ஒன்பது கார்கள் தேவைப்படா. சாலைகளில் ஓடும் மொத்தத் தொலைவு மட்டும் சுமார் 6 சதவீதம் கூடும். மெட்ரோவை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனிக் கார் என்று வைத்தால், அந்தத் தொலைவு ஏறத்தாழ 90 சதவீதம் கூடும். வாகனம் ஒன்றுதான், பின்னால் மெட்ரோ இருக்கிறதா, காரில் பலர் சேர்ந்து பயணம் செய்கிறார்களா என்பதைப் பொறுத்து விளைவு இத்தனை தூரம் விலகிப்போகிறது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது காலம் பற்றிய கணக்கு. ஒரு கார் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கழிந்துபோகும். இன்று அனுமதி பெறும் கட்டடம் அறுபது, எழுபது ஆண்டுகள் நிற்கும். இன்று போடும் தெரு ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் இருக்கும். கோபன்ஹேகனில் 1947-இல் வரையப்பட்ட திட்டம், விரித்த கையின் ஐந்து விரல்களைப் போல, புறநகர் ரயில் பாதைகளை ஒட்டியே நகரம் வளர வேண்டும் என்றும், விரல்களுக்கு இடைப்பட்ட நிலம் பசுமையாகவே இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. பின்னர், பெரிய அலுவலகங்கள் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் அமைய வேண்டும் என்ற நெறியும் அதோடு சேர்ந்தது. அதன்பின் வாகனங்கள் பல தலைமுறை மாறிவிட்டன. இன்றும் அந்நகரம் விரல்களின் வழியேதான் வளர்கிறது. எனவே எந்த நிலத்தில் எதைக் கட்ட அனுமதிப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கே எந்த வாகனம் வந்து சேரலாம் என்பதைப் பிறகு பார்ப்பதே முறையாகும்.

புதிய வாகனங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேருந்து நின்றுவிடும் பின்னிரவிலும், வீடுகள் தொலைவில் தொலைவில் இருக்கும் புறநகரிலும், படியேற முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவை பெரிய உதவி. நிலையத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையை அவற்றுக்குக் கொடுக்கலாம். நிலையத்தின் வேலையையே அவற்றிடம் ஒப்படைத்துவிடக் கூடாது.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு மெட்ரோ நிலையத்துக்கு மிக அருகில் இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் இங்கே எல்லா வீட்டிலும் கார் இருக்கிறது. மெட்ரோவில் செல்பவர்கள் மிகச் சிலரே. இது ஏன்?

பதில்: வரைபடத்தில் அருகில் இருப்பது வேறு, காலுக்கு அருகில் இருப்பது வேறு. நேர்க்கோட்டில் முந்நூறு மீட்டர் என்று விளம்பரம் சொல்லும். ஆனால் குடியிருப்பின் ஒரே வாயில் எதிர்ப்புறம் இருக்கும், சுற்றுச்சுவரை ஒட்டி நடந்து, நடைபாதை இல்லாத அகலமான சாலையைக் கடந்து நிலையத்தை அடையும்போது முந்நூறு மீட்டர் ஒரு கிலோமீட்டராகியிருக்கும். நிலையத்தை நோக்கி ஒரு சிறு வாயிலைத் திறப்பதும், சாலையைத் தரைமட்டத்திலேயே கடக்க வழி செய்வதும் செலவு குறைந்த, பலன் நிறைந்த வேலைகள். உங்கள் குடியிருப்போர் சங்கம் அதிலிருந்து தொடங்கலாம்.

இன்னும் ஆழமான காரணம் கட்டட விதிகளில் இருக்கிறது. வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்று பல நகரங்களின் விதிகள் சொல்கின்றன. ஒரு காரை நிறுத்தவும் அது வந்து திரும்பவும் 25 முதல் 30 சதுர மீட்டர் வரை தேவைப்படும். ஒரு சிறிய வீட்டின் பாதி அது. அந்தச் செலவு வீட்டின் விலையிலேயே சேர்ந்துவிடுவதால், கார் வாங்காதவரும் அதற்குப் பணம் கொடுக்கிறார். ஏற்கெனவே கொடுத்த இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துப் பிறகு காரும் வாங்குகிறார். மெக்சிகோ நகரம் 2017-இல் இந்தக் குறைந்தபட்ச அளவை நீக்கிவிட்டு, இதற்கு மேல் கட்டக் கூடாது என்ற உச்சவரம்பைக் கொண்டுவந்தது. நிலையத்தை ஒட்டிய மனைகளிலாவது எல்லா நகரங்களும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: வாடகை மின் ஸ்கூட்டர்களும் சைக்கிள்களும் பொதுப் போக்குவரத்துக்குத் துணையா, போட்டியா?

பதில்: ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். பத்து நிமிடம் நடந்தால் சுமார் 800 மீட்டர் செல்லலாம். ஒரு நிலையத்தைச் சுற்றி அந்தத் தொலைவில் வட்டம் போட்டால் இரண்டு சதுர கிலோமீட்டர் அடங்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளில் அதே பத்து நிமிடம் சென்றால் இரண்டரைக் கிலோமீட்டர். வட்டத்துக்குள் ஏறத்தாழ இருபது சதுர கிலோமீட்டர் வந்துவிடும். புதிதாக ஒரு நிலையமும் கட்டாமல் ஒரே நிலையம் பத்து மடங்கு பரப்புக்குப் பயன்படுகிறது. இந்தக் கணக்கைப் பார்த்த எந்த நகரமைப்பாளரும் நிலையத்துக்கு முன்னால் சைக்கிள் நிறுத்துமிடம் கட்டத் தயங்க மாட்டார்.

ஆனால் நின்றபடியே ஓட்டும் இந்தச் சிறு ஸ்கூட்டரைக் கண்ட இடத்தில் விட்டுச் செல்ல அனுமதித்தால், அது முதலில் பறிப்பது நடப்பவரின் இடத்தைத்தான். பாரிஸில் 2023 ஏப்ரலில் இதுபற்றி வாக்கெடுப்பு நடந்தபோது, வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 89 சதவீதம் பேர் வாடகை ஸ்கூட்டர்களை நீக்கச் சொன்னார்கள். வாக்களிக்க வந்தவர்கள் மிகக் குறைவு என்பது உண்மையே. என்றாலும் அதற்கு முன் எழுந்திருந்த மனக்குறை நியாயமானது. நிறுத்துவதற்கென்று குறிக்கப்பட்ட இடம் இருக்க வேண்டும், அது நடைபாதையிலிருந்து எடுக்கப்படாமல் கார் நிறுத்தும் ஓரத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும்.

கேள்வி: நெரிசல் மிகுந்த பகுதிக்குள் வரும் கார்களிடம் கட்டணம் வாங்கலாம் என்கிறார்களே?

பதில்: வாங்கலாம், மாற்றுவழியை முதலில் தந்துவிட்டு. ஸ்டாக்ஹோம் 2005 ஆகஸ்டில் கூடுதல் பேருந்துகளை இயக்கத் தொடங்கி, 2006 ஜனவரியில்தான் கட்டணத்தைச் சோதனையாக விதித்தது. எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 2007-இல் கட்டணம் நிலையானது.

கேள்வி: நிலையம் வரப்போகிறது என்ற செய்தி வந்ததுமே எங்கள் பகுதியில் வாடகை உயரத் தொடங்கிவிட்டது. பேருந்தையும் ரயிலையும் நம்பி வாழும் எங்களைப் போன்ற வாடகைக் குடும்பங்கள்தானே வெளியேற நேரிடும்?

பதில்: உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது, இதற்கு விடை காணாத எந்தத் திட்டத்தையும் நான் நல்ல திட்டம் என்று சொல்ல மாட்டேன். பொதுப் பணத்தில் பாதை போடப்படுகிறது, அதனால் உயரும் நில மதிப்போ மனைக்காரரின் பையில் சேர்கிறது. ஹாங்காங்கில் ரயில் நிறுவனத்துக்கு நிலையத்தின் மேலும் அருகிலும் கட்டும் உரிமையை, ரயில் வருவதற்கு முன்பிருந்த மதிப்பின் அடிப்படையில் அரசு தருகிறது. உயர்ந்த மதிப்பைக் கொண்டு அந்நிறுவனம் பாதைகளுக்குப் பணம் திரட்டுகிறது. ரயிலுக்கு அது நல்ல வழி. ஆனால் அந்த நகரத்தில் வீடு மலிவாகிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்கள் வியன்னாவைப் பார்ப்பது நல்லது. அங்கே ஆஸ்பர்ன் என்ற புதிய நகரப்பகுதிக்கு மெட்ரோ 2013 அக்டோபரிலேயே சென்றுவிட்டது. முதல் குடும்பங்கள் குடியேறியது 2014-இல்தான். இறங்கியதும் எதிரே வெற்று நிலமும் கட்டுமானமும்தான் தெரிந்திருக்கும். ஆனால் குடியேறிய எவரும் முதல் நாளன்று காரைத் தேட வேண்டியிருக்கவில்லை. 2018-இல் திருத்தப்பட்ட கட்டடச் சட்டப்படி, புதிதாகக் குடியிருப்புக்கு மாற்றப்படும் பெரிய நிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு அரசு உதவி பெறும் வீடுகளுக்கு ஒதுக்கப்படுகிறது. இந்த ஒதுக்கீடு நில வகை மாற்றத்தின்போதே செய்யப்படுவதால், அந்த நிபந்தனையைக் கணக்கில் கொண்டே விலையும் பேசப்படும். நிலையம் திறந்தபின் வந்து கேட்டால், கொடுக்க நிலம் இருக்காது.

கேள்வி: மெட்ரோ வரவே வாய்ப்பில்லாத நடுத்தர நகரங்களுக்கு இதனால் என்ன பயன்?

பதில்: பிரேசிலின் குரிச்சிபா நகரம் மெட்ரோ இல்லாமல்தான் இதைச் செய்தது. 1974-இல் விரைவுப் பேருந்துகளுக்கென்று தனித் தடங்களைத் திறந்து, அந்த அச்சுகளை ஒட்டி மட்டும் உயரமான கட்டடங்களை அனுமதித்து, விலகிச் செல்லச் செல்ல உயரத்தைக் குறைத்துக்கொண்டே போனது. 1991 முதல், பேருந்தில் ஏறுவதற்கு முன்பே கட்டணம் செலுத்தி, படியேறாமல் நேராக உள்ளே நுழையும் குழாய் வடிவ நிறுத்தங்களும் அமைந்தன. பேருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். அதற்கு நேர அட்டவணை பார்க்க வேண்டியதில்லை. உங்கள் நகரத்தின் அடுத்த முழுமைத் திட்டம் மக்கள் கருத்துக்கு வைக்கப்படும்போது, எந்தச் சாலைகளில் பேருந்துத் தடத்துக்கான அகலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும், அந்தச் சாலைகளை ஒட்டிய மனைகளில் எத்தனை மாடிக்கு அனுமதி இருக்கிறது என்பதையும் ஒரே வரைபடத்தில் காட்டும்படி எழுத்து மூலம் கேளுங்கள்.