நண்பரின் லயத்தைத் தாண்டிப் போன வான்

அன்புள்ள ஐயா,
கொழும்பில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் நாங்கள் ஐந்து பேர், கடந்த வார இறுதியில் வான் பிடித்து அப்புத்தளைக்குப் போய்வந்தோம். லிப்டன் சீட்டுக்கு ஏறியபோது பனிமூட்டம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. எங்களில் ஒருவர் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்; வழியில் தன் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டைக் கைகாட்டினார், ஆனால் இறங்கவில்லை. மலையகத்துக்குச் செல்ல உகந்த மாதம் எது? எந்தெந்த இடங்களைப் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

லிப்டன் சீட்டுக்கு விடியற்காலையில் ஏறுங்கள். ஒன்பது, பத்து மணிக்குமேல் பெரும்பாலும் மூடிவிடும். பெப்ரவரி, மார்ச்சில் மழை குறைவு. இடங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும்.

உங்கள் நண்பர் இறங்கவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். எங்கள் மலையகத்துப் பிள்ளைகள் கொழும்பு நண்பர்களிடமிருந்து வீட்டை மறைப்பதைப் பற்றிப் பல நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நால்வரில் ஒருவருக்குக்கூட, "உன் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவோமா?" என்று கேட்க வாய் வரவில்லையா? தேயிலை முதலாளி லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடத்தைத் தேடி மலையேறத் தெரிந்த உங்களுக்கு, உடன் வந்தவரின் வாசலில் வானை நிறுத்தத் தெரியவில்லை.

நான் ஹட்டன் பக்கத்து லயத்தில் வளர்ந்தவன். பேராதனையில் படித்த காலத்தில் நண்பர்கள் இருவர் வீட்டுக்கு வந்தபோது, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அவர்களை எங்கே உட்காரவைப்பது என்று அம்மா தவித்துப்போனார். பக்கத்துக் காம்பராவிலிருந்து பீங்கான் கோப்பைகளும் அதற்கடுத்ததிலிருந்து ஒரு கதிரையும் வந்தன. தேத்தண்ணீரைக் கொடுத்துவிட்டு, கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணத்து நண்பன் கதிரையை விட்டுவிட்டு அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, "அம்மா, இன்னொரு ரொட்டி தாங்கோ" என்று கேட்ட பிறகுதான் அந்தக் கைகள் வெளியே வந்தன.

உங்கள் நண்பரின் தயக்கத்துக்கு வறுமையை மட்டும் காரணமாக நினைத்துவிடாதீர்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் வழிவந்தவர் அவர். குடியுரிமை கிடைத்த பிறகும் லயம் தோட்டத்துக்கே சொந்தமாக இருப்பதால், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்பவர்கள்கூட நிர்வாகத்தின் அனுமதியின்றி ஒரு குசினியை நீட்டிக் கட்ட முடியாது. நீங்கள் போன இடத்துக்குத் தொலைவில் இல்லாத கொஸ்லந்தை மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண் சரிந்து லயங்கள் புதைந்தன. தப்பியவர்களுக்குத் திரும்பிப் போகச் சொந்தக் காணி இல்லாததால், புதிய வீடுகளுக்காக ஆண்டுக்கணக்கில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் காத்திருந்தார்கள். பிறந்த வீட்டை "இது எங்கள் வீடு" என்று உரிமையோடு சொல்ல முடியாதவர், விருந்தாளியைத் தானாக எப்படி அழைப்பார்? நீங்கள்தான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போதும் கேட்கலாம். மறுத்தால் வற்புறுத்தாமல் சில மாதங்கள் கழித்து மறுபடியும் கேளுங்கள். சம்மதித்தால், வீட்டார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். உலர் உணவுப் பொதியும் பழைய உடுப்பும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். சித்தி வீட்டுக்கு என்ன வாங்கிப் போவீர்களோ அதையே வாங்குங்கள். படம் எடுக்க வேண்டாம். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.